ஆசிரியர் நினைவும் உபகாரச் சம்பளமும்

ஆசிரியர் ஒருவர் மறைந்தபின் அவர்தம் பெயரை நிலைநிறுத்த விழையும் மாணாக்கர் சிலை எடுப்பர், மண்டபம் சமைப்பர், நூல்நிலையம் நிறுவுவர், ஆண்டுதோறும் சொற்பொழிவு நிகழப் பொருள் வைப்பர், வறிய மாணாக்கர் ஒருவரின் கல்விச் செலவை ஏற்பர். இவ்வைந்து வழிகளும் சென்னை மாநகரில் ஒரு நூற்றாண்டிற்கு மேலாகக் கையாளப்பட்டு வந்துள்ளன. இவற்றுள் இறுதியிற் கூறிய உதவித்தொகை, கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலின் வரலாறு எழுதுவோரின் கருத்தை அது பெரிதும் ஈர்த்ததில்லை. ஆயினும் ஆசிரியர்களைப் பயிற்றும் ஆசிரியரை நினைவுகூர்தற்கு இதனினும் பொருத்தமான வழி வேறில்லை என்பதும், அவ்வழி நிலைத்து நிற்பதும் நிலையாது போவதும் அதனை ஏற்படுத்துவோர் எழுதிவைக்கும் விதிகளைப் பொறுத்தவை என்பதும் எம் கருத்து. இக்கருத்தினைச் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல் தலைவராக விளங்கிய சகோதரி சுப்புலட்சுமி அம்மையார் (1886-1969) வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். 'ஸ்காலர்ஷிப்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக முன்னைத் தலைமுறையினர் வழங்கியது 'உபகாரச் சம்பளம்' என்பது. உபகாரம் என்பது கொடுப்போன் விரும்பிச் செய்வது. சம்பளம் என்பது பெறுவோன் உழைத்து ஈட்டுவது. முரண்பட்ட இவ்விரு சொற்களும் ஒரு தொடரில் இணைந்து நிற்றல் வியப்பிற்குரியது. பின்னர்த் தனித்தமிழ் உணர்ச்சியால் 'உதவித்தொகை' என்னும் ஆக்கம் வழக்கில் வந்தது. எளிமையும் தூய்மையும் உடைய ஆக்கம் அது. ஆனால் பழந்தொடரிலிருந்த 'சம்பளம்' என்னும் கூறு அதில் மறைந்துவிட்டது. கற்பவன் இரவலன் அல்லன், கற்றலாகிய தொழிலைச் செய்து அதற்குரிய ஊதியம் பெறுபவன் என்னும் கருத்து அக்கூற்றில் அடங்கியிருந்தது என்பது எம் துணிபு. ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு அரசு அளித்த தொகைக்கு இப்பெயர் முற்றும் பொருந்தும். பயிற்சி முடித்தபின் பணியாற்றுவேன் என்று உடன்பட்டே அவர்கள் அதனைப் பெற்றனர்.

கற்போர்க்கு உணவும் உறையுளும் அளிக்கும் அறம் தமிழகத்திற்குப் புதிதன்று. சோழர் கல்வெட்டுக்களில் வரும் 'கிடைப்புறம்', 'பட்டவிருத்தி', 'சாலாபோகம்' என்னும் நிலப்பெயர்கள் கல்விக்கும் ஊட்டுக்கும் விடப்பட்ட இறையிலி நிலங்களைக் குறிப்பன. விழுப்புரம் பகுதியிலுள்ள எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் (1012-1044) காலத்துக் கல்வெட்டு ஒன்று, 270 இளமாணாக்கரும் 70 முதுமாணாக்கரும் ஆக 340 பேர் பயின்ற கல்லூரியைக் கூறுகின்றது. இன்ன மாணாக்கர்க்கு நாளொன்றுக்கு இவ்வளவு நெல் என்று அளவு வகுத்து, அதன் பொருட்டு 45 வேலி நிலமும் ஒதுக்கப்பட்டது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டோ, மாணாக்கர் விடுதியோடு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும் குறிக்கின்றது. இவ்வறங்களில் கற்றோர் பெரும்பாலும் வேதம் ஓதும் அந்தணச் சிறாரே என்பதை மறத்தலாகாது. எல்லார்க்கும் உரிய கல்வி அன்று அது. ஆயினும் பொருளியல் நோக்கில் ஒரு நுட்பம் ஈண்டுக் கருதத்தக்கது. அக்காலத்தார் மாணாக்கனுக்குக் காசு வைக்கவில்லை. நெல் விளையும் நிலத்தை வைத்தனர். நெல்லின் விலை ஏறினும் இறங்கினும் மாணாக்கனின் கலம் நிறைந்தது.

இந்நுட்பத்தை இன்னும் தெளிவாகக் காட்டுவது விளக்கு அறம். கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிவதற்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுக்கள் குறிக்கும். ஆடு சாகாது, மூக்காது என்பது பொருளன்று. இறந்தவற்றிற்கு ஈடாகக் குட்டிகள் வளர்ந்து தொகை என்றும் குறையாது நிற்கும்படி இடையர் காத்தல் வேண்டும் என்பதே பொருள். முதல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இன்றைய அறக்கட்டளைகள் இச்சொற்றொடரை அறியா.

ஆங்கிலேயர் ஆட்சியில் அறம் காசாக மாறிற்று. பச்சையப்ப முதலியார் 1794இல் எழுதிவைத்த உயில் பெரும்பாலும் கோயில் அறங்களுக்குரியது. அவர் மறைந்தபின் நெடுங்காலம் வழக்கு நடந்து, எஞ்சிப் பெருகிய பொருளைக் கொண்டே 1842இல் அவர் பெயரால் பள்ளி தோன்றிற்று. அறத்தின் எச்சம் கல்வியாயிற்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் 1890ஆம் ஆண்டின் அறக்கொடைச் சட்டம் பொது அறங்களின் முதலைப் பொருட்காப்பாளர் ஒருவரிடம் ஒப்படைத்து, வட்டியை மட்டும் செலவிட வழி செய்தது. முதல் களவு போகாமற் காத்தமை இம்முறையின் நன்மை. ஆனால் முதலின் மதிப்பைக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஆயிரம் ரூபாய் முதலை நூற்றுக்கு நான்கு வட்டியில் வைத்தால் ஆண்டுக்கு நாற்பது ரூபாய் வரும். ஒரு காலத்தில் அத்தொகை மாணாக்கன் ஒருவனின் பல திங்கள் உணவுக்குப் போதியது. இன்று ஒரு நேர உணவுக்கும் போதாது. கணக்கேட்டில் அறம் குறைவின்றி நிற்கின்றது. உண்மையில் அது என்றோ முடிந்துவிட்டது. ஆண்டு விழாக்களில் பெயர் படித்து அளிக்கப்பெறும் எத்தனையோ நினைவுப் பரிசுகளின் நிலை இதுவேயாம்.

இனிச் சென்னை தன் ஆசிரியரை நினைவுகூர்ந்த முறைகளைச் சிறிது காண்போம். மாநிலக் கல்லூரியின் முதல் முதல்வர் பவல் துரைக்குக் கல்லூரியிற் சிலை உண்டு. கிறித்தவக் கல்லூரியின் மில்லர் துரைக்கு 1901இல், அவர் உயிரோடிருந்தபோதே, மாணாக்கர் சிலை எடுத்தனர். 1903 முதல் 1919 வரை மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையருக்கு 1948இல் அக்கல்லூரி முகப்பில் கடலை நோக்கி நிற்கும் சிலை அமைந்தது. அதற்கு முன்னரே 1943இல் அடையாற்றில் ருக்மிணி தேவி அம்மையாரின் முயற்சியால் அவர் பெயர் தாங்கிய நூல்நிலையம் தோன்றி, இன்று பெசன்ட் நகரில் நிலவுகின்றது. சுவடிகளிலே வாழ்ந்தவர்க்குச் சுவடிச்சாலையே தக்க நினைவு. சிலையினும் அதுவே ஐயர் உவந்திருக்கக் கூடியது. ரா. பி. சேதுப்பிள்ளை அவர்களோ, தாம் பேராசிரியராக இருந்தும், தம் பெயரால் அன்றித் தம் அன்னையார் சொர்ணம்மாள் பெயரால் சொற்பொழிவு அறம் நிறுவினார்.

இவர்கள் அனைவரும் கலை, இலக்கியம், அறிவியல் ஆகிய துறைகளைக் கற்பித்தவர்கள். இவர்தம் மாணாக்கருள் வழக்கறிஞரும் நீதிபதியும் ஆட்சியாளரும் பலர். சிலைக்குப் பொருள் திரட்டுதல் அவர்கட்கு அரிதன்று. ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியரின் நிலை வேறு. 1856இல் வேப்பேரியில் தொடங்கிப் பின்னர்ச் சைதாப்பேட்டைக்கு மாறிய ஆசிரியர் கல்லூரி, மாகாணம் முழுமைக்கும் எத்தனையோ ஆயிரம் ஆசிரியரை அளித்தது. வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் சர்வபள்ளி இராதாகிருஷ்ணனும் அங்கே பயிற்சி பெற்றவர்களே. எனினும் அவ்விருவர்க்கும் கற்பிக்கக் கற்பித்தவர் யாவர் எனக் கேட்டால் விடை கூறுவோர் அரியர். காரணம் வெளிப்படை. பயிற்சி முடித்தவர் சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சிதறிச் செல்வர். குறைந்த ஊதியத்தில் வாழ்வர். ஒன்றுகூடிப் பொருள் சேர்க்கும் வாய்ப்பு அவர்க்கு இல்லை. கல்வியியல் பேராசிரியரின் புகழ் அவர் பெயரின்றியே வகுப்பறைதோறும் பரவி மறைவது.

பெண்ணாசிரியர் பயிற்சியின் வரலாறு இதனினும் இடர்ப்பாடுடையது. 1866இல் இந்தியாவிற்கு வந்த மேரி கார்ப்பென்டர் அம்மையார் பெண்ணாசிரியர்க்குப் பயிற்சிப் பள்ளி வேண்டும் என வற்புறுத்தினார். 1870இல் சென்னையில் அத்தகைய பள்ளி ஒன்று அரசினரால் தொடங்கப்பெற்றது. ஆயினும் அதனிடத்துச் சேர இந்துக் குடும்பத்து மகளிர் முன்வரவில்லை. மணமான பெண் வீட்டை விட்டு வெளிவாராள். மணமாகாத பெண்ணோ சிறுமி. பெண்களுக்குப் பெண்களே கற்பித்தல் வேண்டும் என்றனர் பெற்றோர். ஆனால் கற்பித்தற்குரிய பெண்களைத் தம் வீட்டிலிருந்து அனுப்ப ஒருப்படவில்லை. இம்முடிச்சை அவிழ்க்கும் வழி, சமூகம் வேண்டா என ஒதுக்கிய ஒரு கூட்டத்தாரிடமிருந்து வந்தது. இளங்கைம்பெண்களே அவர்கள். பூனாவில் கார்வே 1896இலேயே இவ்வழியைக் கண்டிருந்தார். சென்னையில் அதனைச் செயற்படுத்தியவர் தாமே இளங்கைம்பெண்ணாகிய சுப்புலட்சுமி.

அவர் 1886ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் மயிலாப்பூரில் சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சி அம்மைக்கும் மகளாகப் பிறந்தார். அவர்தம் முன்னோர் தஞ்சை மாவட்டத்து ரிஷியூரினர். சிறுவயதிலேயே மணம் நிகழ்ந்தது. சின்னாளிற் கணவர் இறந்தார். அக்கால வழக்கப்படி தலைமழித்து மூலையில் இருத்தலே அவர்க்கு விதிக்கப்பட்ட வாழ்வு. தந்தையார் அவ்வழக்கைப் புறக்கணித்து மகளைக் கற்பிக்கத் துணிந்தார். கன்னிமாடப் பள்ளியிற் பயின்று, மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1911இல் அம்மையார் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி அவரே என்பர். வெள்ளாடை உடுத்த இப்பெண்மணியை மாணவியரும் நண்பரும் 'சிஸ்டர்' என்றே அழைத்தனர், அப்பெயரே நிலைத்தது.

1912இல் அம்மையார் 'சாரதா மகளிர் சங்கம்' என்னும் கழகத்தைத் தோற்றுவித்தார். அவ்வாண்டிலேயே எழும்பூரில் தந்தையார் இல்லத்தில் நான்கு இளங்கைம்பெண்களைச் சேர்த்துக்கொண்டு சாரதா இல்லம் தொடங்கிற்று. இல்லத்தின் உள்நிர்வாகத்தை அவர்தம் சிற்றன்னை வாலாம்பாள் அம்மை ஏற்றார், அவரும் கைம்பெண்ணே. பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்சு அம்மையார் அரசினர்க்கும் இவ்வில்லத்திற்கும் பாலமாக நின்றார். பயிற்சி பெற்றபின் ஆசிரியப் பணி ஏற்கும் மகளிர்க்கு அரசின் உபகாரச் சம்பளம் கிடைக்கும் வகை பிறந்தது. இல்லத்தின் உணவும் மாணவியர் நூலும் உடையும் இத்தொகையையே நம்பியிருந்தன. ஆகவே உதவித்தொகை இவ்வம்மையார் நிறுவனத்திற்குப் புறத்தே வந்து சேர்ந்த அணியன்று. நிறுவனமே அதன்மீது எழுப்பப்பெற்றது.

இத்தொகையின் சிறப்பை அறிய அக்காலச் சொத்துரிமையை நினைத்தல் வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் கணவனை இழந்த இந்துப் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு கிடையாது. வாழ்வூதியம் பெறும் உரிமை மட்டுமே உண்டு. அவளுக்கு வரம்புற்ற பங்குரிமை அளித்த சட்டம் 1937இல்தான் வந்தது. எனவே 1912இல் பதினைந்து வயதுக் கைம்பெண் ஒருத்தியின் பெயரால் திங்கள்தோறும் ஒரு தொகை அரசுக் கணக்கில் எழுதப்பட்டது என்றால், அவள் வாழ்நாளில் அவளுக்கென்றே உரியதாக வந்த முதற்பொருள் பெரும்பாலும் அதுவேயாகும். அவளை உண்பித்தல் சுமை என எண்ணிய வீட்டார், அவள் உணவுச் செலவு தம்மைச் சாராது என அறிந்தபின் கல்விக்கு இசைந்தனர். நான்கைந்து ஆண்டுகளில் அவளே ஊதியம் பெறுவாள் என்பதும் தெரிந்தது. சீர்திருத்தச் சொற்பொழிவுகள் சாதிக்காததை ஒரு சிறுதொகை சாதித்தது. இவ்வாறு கூறுதல் அம்மையாரின் பண்பையும் உறுதியையும் குறைத்துக் கூறுதல் ஆகாது. அவர்தம் கூர்மை எங்கே இருந்தது என்பதைக் காட்டுதலே ஆகும்.

இல்லம் வளரவே எழும்பூர் வீடு போதாதாயிற்று. திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தனர். கைம்பெண்கள் தலைமுடியோடு தெருவில் நடந்து பள்ளிக்குச் செல்வதைக் கண்டு வைதிகர் வைதனர். மகளிர் உயர்கல்விக்கெனக் கடற்கரையில் 1914இல் அரசினர் கல்லூரி ஒன்று டி லா ஹே அம்மையார் தலைமையில் 37 மாணவியரோடு தொடங்கிற்று. பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. சாரதா இல்லத்தார் மேற்கல்வி பெறும் வாயில் அண்மையிலேயே திறந்தது. 1917இல் அரசினர், கடற்கரையிலுள்ள 'ஐஸ் ஹவுஸ்' மாளிகையை இவ்வில்லத்தார்க்கு விடுதியாக்கினர்.

இம்மாளிகையின் வரலாறு சுவை மிக்கது. பாஸ்டன் நகரத்து வணிகர் டியூடர் என்பார், அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலேற்றிக் கொணர்ந்து சேமிக்க 1842இல் இதனைக் கட்டினார். பனிக்கட்டி வணிகம் நொடித்தபின் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கைக்கு வந்து 'கெர்னன் மாளிகை' எனப் பெயர் பெற்றது. 1897இல் மேனாடு சென்று மீண்ட விவேகானந்தர் இங்கே தங்கினார். இராமகிருஷ்ண மடம் மயிலாப்பூருக்குச் செல்லுமுன் இங்கேயே இயங்கிற்று. வட்ட வடிவான சுவர்களும் கடற்காற்றும் உடைய இக்கட்டடம் இளங்கைம்பெண்கள் உலவும் இடமானபோது அக்கம்பக்கத்தார் அதனை விரும்பவில்லை. கைம்பெண் எதிர்ப்படுதல் தீநிமித்தம் என்னும் நம்பிக்கை எங்கும் பரவியிருந்த காலம் அது. அண்மையிலிருந்த மீனவர் குப்பத்துச் சிறுவர்க்குப் பள்ளி ஒன்று நிறுவியதே அம்மையார் அளித்த மறுமொழி.

1922இல் அதே கடற்கரைச் சாலையில் வெலிங்டன் சீமாட்டி ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தோன்றிற்று. மாகாண ஆளுநர் வெலிங்டன் பிரபுவின் துணைவியார் பெயரை அது தாங்கியது. அதன் முதல் தலைவர் சுப்புலட்சுமி அம்மையார். கல்லூரியோடு இணைந்து ஒரு மாதிரிப் பள்ளியும் அமைந்தது. ஆசிரியப் பயிற்சியின் உயிர்நாடி இம்மாதிரிப் பள்ளியே. பயிலும் மாணவி உளநூலையும் கற்பிக்கும் முறையையும் வகுப்பிற் கேட்டல் மட்டும் போதாது. பாடக்குறிப்பு எழுதி, உண்மையான குழந்தைகள் முன் நின்று கற்பித்தல் வேண்டும். பின்வரிசையில் அமர்ந்து நோக்கும் பேராசிரியர் குறை நிறைகளை எடுத்துரைத்தல் வேண்டும். நேற்று வரை நான்கு சுவருக்குள் குரல் எழுப்பாது வாழ்ந்த பெண், நாற்பது குழந்தைகள் கேட்கும்படி உரக்கப் பேசக் கற்பது எளிதன்று. அக்கல்லூரி இன்று கல்வியியல் உயராய்வு நிறுவனமாக அதே சாலையில் இயங்கி வருகின்றது.

அம்மையாரின் பணி பாராட்டுப் பெற்றது. 1920இல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்து தங்கப் பதக்கம் அளித்தது. விடுதலைக்குப்பின் 1958இல் பத்மஸ்ரீ விருது வந்தது. ஆனால் புகழுரையோடு நிறுத்தினால் ஆராய்ச்சி முற்றுப்பெறாது. ஐஸ் ஹவுஸ் விடுதி பார்ப்பனக் கைம்பெண்களுக்கே உரியது. பொதுப் பணத்தினின்று அளிக்கப்பெற்ற உறையுள் ஒரு வகுப்பார்க்கு மட்டும் வரையறுக்கப்பட்டது எவ்வாறு பொருந்தும் என்ற வினா எழுதல் இயல்பே. இவ்வரையறைக்குக் காரணம் கூறலாம். சமையலும் உண்டியும் ஆசாரப்படி நிகழ்ந்தாலன்றி எந்தப் பெற்றோரும் மகளை அனுப்பியிரார். எதிர்ப்பின் நடுவே தொடங்கிய முயற்சி முதல் நாளிலேயே முறிந்திருக்கும். இளமை மணமும் தலைமழித்தலும் அவ்வகுப்பிலேயே கடுமையாக இருந்தன என்பதும் உண்மை. காரணம் கூறுதல் வேறு. குறையில்லை எனல் வேறு. பயிற்சிக் கல்லூரி பல வகுப்பு மகளிர்க்கும் திறந்திருந்தது. விடுதியின் கதவு அவ்வாறு இல்லை. உறையுளின்றிக் கல்வி கிட்டாத பெண்ணுக்கு விடுதியின் கதவே கல்லூரியின் கதவாகும்.

இக்குறையின் விளைவு சில ஆண்டுகளில் மயிலாப்பூரிலேயே வெளிப்பட்டது. தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரிடம் 1930இல் அம்மரபைச் சேர்ந்த இளம்பெண்கள் அடைக்கலம் நாடி வந்தனர். நகரின் மாணவியர் விடுதிகளில் சில பார்ப்பனர்க்குரியவை, சில பார்ப்பனரல்லாதார்க்குரியவை. இவ்விரண்டிலும் அப்பெண்களுக்கு இடமில்லை. தம் வீட்டிலேயே அவர்களை ஏற்றார் அம்மையார். அடையாற்றில் இன்றும் விளங்கும் அவ்வை இல்லம் அவ்வாறு பிறந்தது. ஓர் அறத்தின் விதியில் விடுபட்டவர்க்காக மற்றோர் அறம் தோன்ற வேண்டியதாயிற்று. சுப்புலட்சுமி அம்மையாரும் முத்துலட்சுமி அம்மையாரும் ஒரே தலைமுறையினர். இருவரும் 1886இல் பிறந்தவர்கள். இளமை மணத் தடைச் சட்டத்திற்காக இருவரும் பாடுபட்டனர். ஒருவர் அரசு ஊழியத்தின் கட்டுக்குள் நின்று செய்ததை மற்றவர் சட்டமன்றத்தில் நின்று செய்தார். இவ்விருவர் பணியையும் ஒப்பிட்டு ஆராயும் தனிநூல் ஒன்று தமிழில் வெளிவருதல் நலம்.

விதியின் குறுக்கம் சாதியளவில் நின்றதன்று, வயதளவிலும் இருந்தது. அரசு விடுதி இளம்பருவத்தினர்க்கு உரியது. முப்பது வயதில் கணவனை இழந்தவளுக்கு அங்கு வழியில்லை. இதனை உணர்ந்த அம்மையார், வயதுவந்த கைம்பெண்களுக்கென 1927இல் சாரதா வித்தியாலயத்தைச் சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் நிறுவினார். மாம்பலத்து நெடிய ஏரியின் நிலத்தில் புதிதாக எழுந்த தியாகராயநகரில் அது நிலைபெற்றது. 1938இல் அதன் பொறுப்பு இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பெற்றது. தாம் வளர்த்த நிறுவனத்தைத் தம் காலத்திலேயே பிறர் கையில் முழுதும் ஒப்புவித்தல் பலர்க்கு இயலாத செயல். தனியொருவர் ஆர்வத்தால் நடக்கும் அறம் அவரோடு முடியும் என்பதை அம்மையார் நன்கு அறிந்திருந்தார் போலும்.

பணி ஓய்விற்குப் பின்னும் அவர் ஓய்ந்திலர். 1942இல் வயதுவந்த மகளிர்க்காக ஸ்ரீவித்யா கலாநிலையம் தொடங்கினார். 1952 முதல் 1956 வரை மேலவை உறுப்பினராக இருந்தார். மயிலாப்பூர் மகளிர் சங்கத்தின் முயற்சியால் எழுந்து 1956இல் வித்யா மந்திர் எனப் பெயர் பெற்ற பள்ளியின் தோற்றத்திலும் அவர்க்குப் பங்குண்டு. மோனிகா ஃபெல்டன் என்னும் ஆங்கிலப் பெண்மணி அவரைப் பலகாற் கண்டு உரையாடி எழுதிய வரலாறு 1966இல் வெளிவந்தது. 1969 டிசம்பர் 20ஆம் நாள் அம்மையார் மறைந்தார்.

இத்தகையார் பெயரால் இன்று கல்லூரியொன்றில் நினைவு உதவித்தொகை ஏற்படுத்துவோர் எவற்றைக் கருதுதல் வேண்டும்? அம்மையார் வரலாற்றினின்றே விடை கொள்ளலாம். தொகை மாணவியின் உணவுக்கும் உறைவுக்கும் உண்மையாகவே போதியதாக இருத்தல் வேண்டும்; விழா மேடையில் கைதட்டல் பெறுதற்கு மட்டும் உதவும் தொகை அவர் பெயருக்கு இழுக்கு. வட்டி முழுவதையும் ஆண்டுதோறும் செலவிட்டு முதலை அப்படியே வைத்தல் பாதுகாப்புப் போலத் தோன்றினும், விலையேற்றத்தில் அது மெல்லக் கரைதலே. வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்க்கும் விதி இருப்பின், சாவா மூவாப் பேராட்டின் குட்டிபோல் முதல் தன் அளவில் நிற்கும். பத்து மாணவியர்க்குச் சிறிது சிறிதாகப் பகிர்வதினும் ஒருத்தியை முழுதும் தாங்குதல் நன்று என்பது எம் கருத்து. இதனை மறுப்பாரும் உளர். பெறுவோர் யார் என்னும் விதியோ எல்லாவற்றினும் அரியது. நிறுவுவோர் தம் காலத்துத் துயரைக் கண்டு விதி எழுதுவர். 1912இல் இளங்கைம்பெண் என்று எழுதியது அறிவுடைமை. நூறாண்டுகளுக்குப் பின்னும் அவ்வாறே எழுதி வைத்திருப்பின் பெறுவாரின்றித் தொகை உறங்கும். பச்சையப்பர் அறத்தின் எச்சம் கல்விக்குத் திரும்ப ஒரு வழக்கும் அரை நூற்றாண்டும் வேண்டியிருந்தன. காலம் மாறுங்கால் விதியை மாற்றும் உரிமையை முதல் ஆவணத்திலேயே, யார் கையில் அவ்வுரிமை என்பதையும் குறித்து, எழுதிவைப்பின் அத்துணை இடர் இல்லை.

ஐஸ் ஹவுஸ் 1963இல் விவேகானந்தர் நூற்றாண்டை ஒட்டி 'விவேகானந்தர் இல்லம்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1997இல் இராமகிருஷ்ண மடத்திற்குக் குத்தகையாக அளிக்கப்பெற்று இன்று கண்காட்சிச் சாலையாக உள்ளது. பனிக்கட்டி கிடந்த காலத்தையும் துறவியார் தங்கிய நாட்களையும் காண வருவோர் பலர். இடைப்பட்ட ஆண்டுகளில், விடியற்காலையில் பாடக்குறிப்பை மனத்துட் சொல்லிக்கொண்டு அதன் படிகளில் இறங்கிப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்ற பெண்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. ஒருகால் அவை பழைய உபகாரச் சம்பளப் பதிவேடுகளில் இருத்தல் கூடும்.